அறுபதாயிரம் பேரும் ஒரு வரைபடமும்



சென்ற ஆண்டு என் முதுகலை ஆய்வேட்டிற்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. தேர்வாளர் தமிழர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சற்றே மேலே தள்ளிக்கொண்டார்.

"தம்பி! 2011-இல் மும்பை நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 30.9 இலட்சம் என்று அட்டவணையிலே சொல்கிறாய். எதிர்ப்பக்கத்து வரைபடத்தில் அதே புள்ளியின் தலைமேல் 31.5 என்று இருக்கிறதே! நடுவிலே நிற்கும் அறுபதாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்?"

நான் விழித்தேன். அட்டவணையும் என்னுடையது; வரைபடமும் என்னுடையது. இரண்டில் எது சரி என்று அந்த நொடியில் எனக்கே தெரியவில்லை. தேர்வு முடிந்து விடுதிக்குத் திரும்பிப் பழைய குறிப்புகளைக் கிளறிய பின்னரே உண்மை விளங்கிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதலில் வெளிவந்தது தற்காலிகக் கணக்கு. அதன்படி நகர மாவட்டத்தில் 31,45,966 பேர். புறநகர் மாவட்டத்தில் 93,32,481 பேர். பின்னர் வந்த இறுதிக் கணக்கில் நகரம் 30,85,411 ஆயிற்று. புறநகர் 93,56,962 ஆயிற்று. நகரத்தில் மட்டும் 60,555 பேர் குறைவு! ஆய்வைத் தொடங்கிய நாளில் தற்காலிகக் கணக்கைக் கொண்டு வரைபடம் வரைந்து, அதனைப் படமாக்கி ஏட்டில் ஒட்டிவிட்டேன். பின்னர் இறுதிக் கணக்குக் கிடைத்ததும் அட்டவணையைத் திருத்தினேன். படத்தைத் திருத்த மறந்தேன்.

தவறு என்னுடையதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அத்தவறு நிகழ இடங்கொடுத்தது எது என்று எண்ணிப் பார்த்தேன். படமாக ஒட்டப்பட்ட வரைபடத்தில் எண்கள் உயிரோடு இல்லை. அட்டவணைக்கு ஒரு மூலம், வரைபடத்திற்கு வேறொரு மூலம் என்று இருந்தால், ஒன்று திருந்தும்போது மற்றொன்று தானே திருந்துமா? எனவே எண்களை ஒரே ஒரு கோப்பில் வைத்து, ஆய்வேடு அச்சுருப் பெறும் ஒவ்வொரு முறையும் அக்கோப்பைப் படித்து வரைபடத்தைப் புதிதாக வரையச் செய்யும் வழியைத் தேடினேன். லேட்டெக்கில் அவ்வழி இருக்கிறது. அதனை நான் கற்ற வரையில் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

லேட்டெக் பற்றி அறியாதோருக்குச் சுருக்கமாக ஒரு செய்தி. அமெரிக்கக் கணினியறிஞர் டானல்ட் கனூத், 1977-இல் தம் நூல் ஒன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் நொந்தார். எழுத்துக்கள் அத்துணை அழகற்று இருந்தன. அச்சுக்கோக்கும் வேலையைத் தாமே கணினிக்குக் கற்பிக்கிறேன் என்று புறப்பட்டு 'டெக்' என்னும் நிரலை உருவாக்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பிய மாடியே லேட்டெக். இதில் நாம் எழுதுவது வெறும் எழுத்துக்கோப்பு; தலைப்பு இது, சமன்பாடு இது என்று ஆணைச் சொற்களால் குறிப்போம்; அழகுபடுத்தும் பொறுப்பை நிரல் ஏற்றுக்கொள்ளும். தம் நூல்களில் பிழை கண்டுபிடிப்போருக்குக் கனூத் 2 டாலர் 56 சென்டுக்குக் காசோலை எழுதித் தருவது 2008 வரை வழக்கமாக இருந்தது. பெற்றவர்களிற் பலர் அதை வங்கியிற் கொடுக்காமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்களாம்!

நம் பவாய் மலையடிவாரத்து ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டத்தில் லேட்டெக் பாடங்களும் உண்டு. அடிப்படைகளை அங்கே கற்கலாம் என்பதால், நேரே வரைபடத்திற்குச் செல்கிறேன்.

ஒரு சொல்: ஆணைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுக. ஒவ்வோர் ஆணைக்கும் முன்னே பின்சாய்கோடு உண்டு.

முதலில் எண்கோப்பு. இது எந்த எளிய எழுத்துப் பதிப்பானிலும் எழுதத்தக்கது. என் கோப்பு இதுதான்:

ஆண்டு,நகர்,புறநகர்
1951,2329020,665424
1961,2771933,1380123
1971,3070378,2900197
1981,3285040,4958365
1991,3174889,6751002
2001,3338031,8640419
2011,3085411,9356962

முதல் வரி தலைவரி. இந்தப் பெயர்களைக் கொண்டுதான் பின்னர் நாம் பத்திகளை அழைப்போம். ஆதலின் இவற்றையும் ஆங்கில எழுத்தில் இடுவதே தொல்லையற்றது. எண்களுக்குள் காற்புள்ளி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாம் வழக்கமாக எழுதுவதுபோல் 30,85,411 என்று இட்டால், காற்புள்ளியைப் பத்திப் பிரிப்பாகக் கொள்ளும் நிரல் ஓர் எண்ணை மூன்று எண்களாக வெட்டிவிடும். அரசு வெளியீடுகளிலிருந்து எண்களைப் படியெடுக்கும்போது நான் முதலில் விழுந்த குழி இது. எண்குறி எனப்படும் '#' அடையாளத்தோடு தொடங்கும் வரியை நிரல் படிக்காது விட்டுவிடும். அவ்வரியில் 'இது 2011-இன் இறுதிக் கணக்கு' என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வரியை நான் அன்றே எழுதியிருந்தால், தேர்வாளர் முன் விழித்து நின்றிருக்க மாட்டேன்!

அடுத்து வரைதல். டில் தந்தாவ் என்பவர் உருவாக்கிய 'டிக்ஸ்' என்னும் படம்வரை மொழியின்மேல், கிறிஸ்டியான் பாயர்செங்கர் கட்டிய தொகுப்பு 'பிஜிஎப்பிளாட்ஸ்'. ஏட்டின் முகப்பில் 'யூஸ்பேக்கேஜ்' ஆணையால் இதனை அழைக்க வேண்டும். அதனடுத்துப் 'பிஜிஎப்பிளாட்ஸ்செட்' ஆணையில் 'கம்பேட்' என்பதற்கு எதிரே பதிப்பெண் இட வேண்டும், நான் 1.18 என இட்டேன். இதை விட்டுவிட்டால் தொகுப்பு மிகப் பழைய பதிப்பின் வழக்கங்களைப் பின்பற்றும்; அச்சுப்பெயர்கள் இடம் பிசகி நிற்கும்.

வரைபடம் வரவேண்டிய இடத்தில் 'டிக்ஸ்பிக்சர்' என்னும் சூழலைத் திறந்து, அதனுள் 'ஆக்சிஸ்' என்னும் சூழலைத் திறக்க. அதனுள்ளே 'ஆட்பிளாட்' என்னும் ஆணை. அதன்பின் 'டேபிள்' என்னும் சொல். அதனை அடுத்துச் சதுர அடைப்புக்குள் மூன்று செய்திகள்: கிடையச்சுக்கு எந்தப் பத்தி, நிலையச்சுக்கு எந்தப் பத்தி, பத்திகளைப் பிரிப்பது எது. 'எக்ஸ்' என்பதற்கு ஆண்டு. 'ஒய்' என்பதற்கு நகர். 'கால் செப்' என்பதற்குக் 'காமா'. பின்பு நெளிவடைப்புக்குள் கோப்பின் பெயர். ஈற்றில் அரைப்புள்ளி! அதை மறந்தால் கணினி பத்து வரிக்கு முறையிடும். அந்த முறையீட்டில் எவ்விடத்தும் குற்றம் இன்னதென்று தெளிவாக இராது. புறநகருக்கு இன்னோர் 'ஆட்பிளாட்'. இவ்வளவே. ஓட்டினால் இரண்டு கோடுகள் வந்து நிற்கும்.

வந்து நிற்கும் என்றேனேயன்றி, அழகாக வந்து நிற்கும் என்று சொன்னேனில்லை. முதன்முறை வந்த படத்தைக் கண்டு நானும் என் அறைத்தோழரும் சிரித்தோம். கிடையச்சில் '1,960', '1,980', '2,000' என்று ஆண்டுகள் காற்புள்ளியோடு நின்றன, கடைக்காரர் பேரேட்டில் ரூபாய் எழுதியதுபோல! நிரலுக்கு ஆண்டு என்றும் ரூபாய் என்றும் வேறுபாடு தெரியாது. நான்கு இலக்க எண் என்றால் ஆயிரத்திற்கொரு காற்புள்ளி. இதனைப் போக்க 'எக்ஸ் டிக் லேபிள் ஸ்டைல்' என்னும் அமைப்பில் எண்வடிவத்தின் '1000 செப்' என்பதை வெற்றடைப்பாக வைக்க வேண்டும். அதனோடு 'எக்ஸ்டிக்' என்பதற்கு 'டேட்டா' என்று இட்டால், கணக்கெடுப்பு நடந்த ஆண்டுகளில் மட்டுமே குறிகள் விழும். 1960 என்னும் ஆண்டில் எவரும் தலையெண்ணவில்லை. அங்கே குறி எதற்கு?

நிலையச்சின் கதை வேறு. எண்கள் பெரியன ஆகையால், நிரல் பத்தின் அடுக்கு ஒன்றைத் தனியே பிரித்து மூலையில் எழுதியிருந்தது. இலட்சத்திலே நினைக்கும் நமக்கு அஃது உதவாது. கோப்பிலுள்ள எண்களையெல்லாம் இலட்சத்தால் வகுத்து மாற்றி எழுதிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கோப்பில் எண்ணப்பட்டது எண்ணப்பட்டபடியே இருக்கட்டும். 'ஒய்' என்பதற்குப் பதில் 'ஒய் எக்ஸ்பிஆர்' என்றொரு வசதி உண்டு. அதில் 'திஸ்ரோ' என்னும் ஆணையால் அந்த வரியின் நகர் எண்ணை எடுத்து 100000-ஆல் வகுக்கச் சொல்லலாம். கோப்பு மாறாது, படத்தில் மட்டும் இலட்சம் வரும். இதே வசதியால், புறநகரை மொத்தத்தால் வகுத்து விழுக்காட்டுப் படமும் தனியே கோப்பெழுதாமல் வரைந்தேன்.

இனி ஒப்பனை. நண்பர் பலர் இங்கேதான் மிகுந்த ஆவல் காட்டுகின்றனர். ஆதலின் சற்று நின்று கூறுகிறேன். தொகுப்பு தானாகவே முதற்கோட்டிற்கு நீலமும் இரண்டாவதற்குச் சிவப்பும் தரும். கண்ணுக்கு இனிதே. ஆனால் நம் ஆய்வேடுகள் எங்கே படியெடுக்கப்படுகின்றன? நிலையத்து வாயிலிலுள்ள ஜெராக்ஸ் கடையில், கறுப்பு வெள்ளையில்! நீலமும் சிவப்பும் அங்கே ஒரே சாம்பல். ஆதலின் நிறத்தை நம்பாமல், நகரக் கோட்டைத் தடித்த முழுக்கோடாகவும், புள்ளிகளை நிறைந்த வட்டங்களாகவும், புறநகர்க் கோட்டை 'டாஷ்டு' என்னும் விட்டுவிட்ட கோடாகவும், புள்ளிகளைச் சதுரங்களாகவும் அமைத்தேன். விளக்கக்குறிப்பை 'லெஜண்ட் பொஸ்' என்பதால் இடப்பக்க மேல்மூலையில் வைத்தேன். அங்கேதான் கோடுகள் இல்லை.

இவ்வொப்பனைகளை ஒவ்வொரு படத்திலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. முகப்பிலேயே 'பிஜிஎப்பிளாட்ஸ்செட்' ஆணைக்குள் 'நகர்க்கோடு' என்று ஒரு பெயர் சூட்டி, அதன் பாணி இன்னது என ஒருமுறை வகுத்துவிட்டால், பிறகு 'ஆட்பிளாட்' ஆணையில் அப்பெயரைச் சொன்னால் போதும். என் ஏட்டில் பதினொரு படங்கள். மேற்பார்வை செய்த ஆசிரியர், "கோடுகள் மிகவும் மெலிந்திருக்கின்றனவே" என்றார். ஓரிடத்தில் ஒரு சொல்லை மாற்றினேன், பதினொன்றும் தடித்தன.

புள்ளிகளின்மேல் எண்களை எழுத 'நோட்ஸ் நியர் கோஆர்ட்ஸ்' என்னும் சொல் போதும். எண்ணை நாம் தட்டுவதில்லை. கோப்பிலிருந்து நிரலே எடுத்து எழுதுகிறது. தசமத்திற்குப் பின் ஓரிலக்கம் என்று வரையறுத்தேன். நகரத்தின் கடைசிப் புள்ளிமேல் 30.9 என்று வந்து அமர்ந்தது. எனக்கு அதனைக் கண்டதும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது!

ஆனால் எல்லா ஒப்பனையும் குற்றமற்றதன்று. 'ஸ்மூத்' என்றொரு சொல் உண்டு. அதனை இட்டால் முனை மழுங்கிய வளைகோடு வரும். பார்வைக்கு நயமாக இருக்கும். என் நகரக் கோட்டிற்கு இட்டுப் பார்த்தேன். 2001-ஆம் ஆண்டுப் புள்ளியை நெருங்குமுன் கோடு அப்புள்ளியைவிடச் சற்றே மேலேறிப் பின் இறங்கிற்று. சிறு திமில்தான். ஆயினும் அத்திமிலின் உச்சியில் உள்ள மக்களை எண்ணியவர் யார்? எவரும் இலர்! பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணியதை எண்ணியபடி நேர்கோட்டால் இணைப்பதே நேர்மை. அதனினும் நேர்மை, கோடே இன்றிப் புள்ளிகளை மட்டும் வைப்பது. அதற்கும் 'ஒன்லி மார்க்ஸ்' என்னும் சொல் இருக்கிறது.

நிலையச்சு எங்கே தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நகரக் கோட்டை மட்டும் தனியே வரைந்தபோது, நிரல் தானாக ஏறத்தாழ 23-இல் அச்சைத் தொடங்கிற்று. அப்படத்தில் 2011-இல் நகரமே காலியாகிவிட்டது போன்ற வீழ்ச்சி தெரிந்தது! 'ஒய்மின்' என்பதற்குச் சுழியம் இட்டதும் கோடு அடங்கியது. ஏறக்குறைய 30 இலட்சத்தில் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் ஊர் என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்திய படத்தில் ஒரு எண்ணும் பொய்யில்லை. படம் மட்டும் பொய் சொல்லிற்று.

இப்போது என் பழைய குற்றத்திற்கு மருந்து. படத்தை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து, அட்டவணையைக் கையால் தட்டினால் பழைய குறை தீர்ந்தபாடில்லை. 'பிஜிஎப்பிளாட்ஸ்டேபிள்' என்னும் உடன்பிறந்த தொகுப்பையும் அழைத்து, 'பிஜிஎப்பிளாட்ஸ்டேபிள்டைப்செட்' என்னும் நீண்ட பெயருடைய ஆணைக்கு அதே கோப்பைக் கொடுத்தால், அட்டவணையையும் அதுவே கோத்துத் தரும். ஆண்டுப் பத்தியை 'ஸ்ட்ரிங் டைப்' என்று குறித்துவிடுக. இல்லாவிடில் ஆண்டுகள் அட்டவணையில் மாறுவேடம் பூணும். ஒரு குறை உண்டு. அது மூன்று மூன்று இலக்கமாகவே பிரிக்கும். நம் இலட்சம், கோடி மரபு தானாக வாராது. நான் அட்டவணையையும் இலட்சத்திலேயே தந்து அதனைக் கடந்தேன்.

அட்டவணையும் படமும் ஒரே கோப்பின் பிள்ளைகள் ஆனபின் அவை முரண்பட வழியில்லை. கோப்பே தவறானால் இரண்டும் தவறுமே என்று கேட்பீர்கள். மெய்தான். நான் தற்காலிகக் கணக்கையே கோப்பில் வைத்திருந்தால் இரண்டும் ஒருமுகமாக 31.5 என்றே சொல்லியிருக்கும்; தேர்வாளரும் கண்டிருக்க மாட்டார்! ஆதலின் மூலத்தோடு ஒப்பிடும் வேலையை எந்த நிரலும் நமக்காகச் செய்யாது. ஆயினும் ஒப்பிட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, ஏழே வரி.

தமிழில் அச்சுப்பெயர் இட விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. பழைய 'பிடிஎப்லேட்டெக்' இதற்கு ஒத்துவராது. 'சீலேட்டெக்' அல்லது 'லுவாலேட்டெக்' கொண்டு ஓட்டி, 'பான்ட்ஸ்பெக்' தொகுப்பால் நோட்டோ அல்லது லோகித் போன்ற ஓர் ஒருங்குறி எழுத்துருவை அழைத்து, 'ஸ்கிரிப்ட்' என்பதற்குத் 'தமிள்' என்னும் ஆங்கிலப் பெயரைத் தரவேண்டும். லுவாலேட்டெக் எனில் 'ரெண்டரர்' என்பதற்கு 'ஹார்ப்பஸ்' என்றும் சேர்க்க. இவற்றை விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். 'தொகை' என்னும் சொல் அலங்கோலமாகும். சரியாக அமைத்தபின் 'மக்கள்தொகை (இலட்சம்)' என்று நிலையச்சின் ஓரமாய் நம் தமிழ் நின்றதைக் கண்டு அறைத்தோழர்கள் எல்லாரும் வந்து பார்த்தனர். அதில் மராத்தி நண்பர் ஒருவர், அன்றிரவே தம் படத்தில் தேவநாகரி ஏற்றிக்கொண்டார்.

அந்தப் படம் என்ன சொல்லிற்று என்று கூறாமல் விடுவது முறையன்று. நகரக் கோடு 1951-இல் 23.3 இலட்சத்தில் தொடங்கி, 1971-இல் 30.7-ஐ எட்டி, அதன்பின் ஏறுவதும் இறங்குவதுமாகக் கிடக்கிறது. புறநகர்க் கோடோ 6.7-இல் தொடங்கி 93.6 வரை ஏறுகிறது. 1971-க்கும் 1981-க்கும் இடையே இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. 1951-இல் மும்பை மக்களில் நூற்றுக்கு 22 பேர் புறநகரில் இருந்தனர். 2011-இல் 75 பேர். (புறநகர்களில் ஒரு பகுதி 1950-இலும் மற்றொரு பகுதி 1957-இலும் மாநகராட்சியோடு சேர்ந்தன, 1951-இன் எண் பிற்கால எல்லைக்கு ஒப்பச் சரிசெய்யப்பட்டது.) மாட்டுங்காவும் தாராவியும் நகரக் கோட்டில் அடங்கியவை, செம்பூர் புறநகர்க் கோட்டில் அடங்கியது. எங்கள் தாத்தா மாட்டுங்காவில் ஓர் அறையில் நால்வரோடு தங்கியிருந்தவர். என் தந்தையார் மணமானதும் செம்பூருக்குக் குடிபோனார். நம் மன்றத்து உறுப்பினர் வீடுகளில் இக்கதை எத்தனை! இரு கோடுகள் வெட்டும் இடத்தைத் தந்தையாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நாங்கள் வீடு மாறியது இதற்குச் சற்றுப் பின்னே" என்று விரலை வைத்தார்.

தாராவியைப் பற்றியும் ஒரு சொல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் வாழ்ந்த அவ்விடத்தில், இன்று வீட்டுக்கு வீடு தலையெண்ணுவது எளிய செயலன்று. தற்காலிகக் கணக்கும் இறுதிக் கணக்கும் வேறுபட்டதில் வியப்பில்லை. அவ்வேறுபாட்டின் அளவு ஒரு நடுத்தர ஊர். அதனை நான் ஒரு படத்தில் மறந்துவிட்டிருந்தேன்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடவாமல் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்புநாளாகக் கொள்வதென 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. இம்முறையும் தற்காலிகக் கணக்கு முதலிலும் இறுதிக் கணக்குப் பின்னரும் வரக்கூடும். என் கோப்பின் எட்டாம் வரிக்கு அடியில் '#' இட்டு, '2027: இறுதிக் கணக்கு வரும்வரை தற்காலிகம் என்று படத்திலும் குறிக்க' என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். கோப்பு வேண்டும் நண்பர்கள் மன்றத்தின் மாலைக் கூட்டத்தில் என்னைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.